கர்நாடகா டூர் போறவங்க தங்கவயலையும் பாருங்க, அங்க தொழிலாளிங்க பேருல ஒரு மியூசியம் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லீவு சமயத்துல உங்க பேப்பர்ல வர்ற சுற்றுலா பக்கத்தை நான் விடாம படிக்கிறவ. கர்நாடகா பக்கம் எங்க போகலாம்னு எழுதும்போது மைசூர், ஸ்ரீரங்கப்பட்டணம், கூர்க், சிவனசமுத்திரம் எல்லாம் வருது, ஆனா நம்ம பார்டர்ல இருந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற கோலார் தங்கவயல் மட்டும் வரவே மாட்டேங்குது. இந்த தடவை மைசூர் டூர் முடிச்சு ஆம்பூர் திரும்புற வழியில கடைசியா கேஜிஎஃப் போயிட்டு வந்தோம், வந்ததுல இருந்து இதை எழுதியே ஆகணும்னு மனசுல ஓடிட்டே இருக்கு. கொஞ்சம் நீளமாத்தான் போகும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

பங்காருப்பேட்டை தாண்டி கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோவில்ல அன்னிக்கு நல்ல கூட்டம், தமிழ்நாட்டு நம்பர் போட்ட வேனும் பஸ்ஸுமா வரிசையா நிக்குது. சாமி கும்பிடறாங்க, அந்த பெரிய லிங்கத்துக்கு முன்னாடி போட்டோ எடுக்கறாங்க, அப்படியே வண்டியை திருப்பிட்டு போயிடறாங்க. அங்கருந்து கொஞ்ச தூரத்துலதான் தங்கவயல் இருக்கு. 120 வருஷம் போல தங்கம் எடுத்த ஊரு, எடுத்தவங்கள்ல முக்காவாசி பேரு நம்ம வட ஆற்காடு, சேலம், தருமபுரி பக்கத்துல இருந்தும் சித்தூர் பக்கத்துல இருந்தும் பஞ்சம் பொழைக்க போனவங்க. அந்த வேன்ல வந்தவங்கள்ல எத்தனை பேரோட கொள்ளுத்தாத்தா அந்த குழிக்குள்ள இறங்கினவரோ தெரியாது, அது தெரியாமலே வண்டி திரும்பி போகுதேன்னு நினைச்சா எனக்கு நெஞ்சை அடைக்குது.

ஊருக்குள்ள போனதும் முதல்ல ராபர்ட்சன்பேட்டை கடைவீதி, தமிழ், கன்னடம், தெலுங்கு மூணும் கலந்து கலகலன்னு இருக்கு. அதை தாண்டி உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம்னு போகப்போக சத்தம் குறையுது. ரோட்டோரமா பழைய வெள்ளைக்காரன் பங்களாக்கள், சிலதுல கூரையே இல்ல, சிலதுல ஆள் இருக்காங்க. இந்த ஊருக்கு லிட்டில் இங்கிலாந்துன்னு ஒரு பேரு இருந்துச்சு, கிளப், கோல்ஃப் மைதானம், சர்ச், பெரிய ஆஸ்பத்திரின்னு எல்லாம் இருந்துச்சு. கொஞ்சம் தள்ளி வந்தா தொழிலாளிங்க இருந்த லைன் வீடுங்க, ஒண்ணோட ஒண்ணு முதுகு ஒட்டின மாதிரி வரிசை வரிசையா, குனிஞ்சுதான் உள்ள போகணும். அதுக்கும் முன்னாடி தட்டி வீடுங்கதான். பங்களாவும் லைன் வீடும் ரெண்டும் ஒரே தங்கத்துல இருந்து வந்ததுதான், அதை ஒரே நாள்ல ரெண்டு கண்ணால பாக்கிறப்ப எந்த வரலாற்று புத்தகமும் தராத ஒரு தெளிவு கிடைக்குது.

பிள்ளைங்களுக்கு சிவனசமுத்திரம் அருவியை அப்பத்தான் காட்டிட்டு வந்திருந்தோம், அதனால ஒரு விஷயம் அவங்களுக்கு சட்டுனு புரிஞ்சுது. அந்த அருவியில 1902ல கரண்ட் எடுக்க ஆரம்பிச்சப்ப அது முதல்ல போனது பெங்களூருக்கோ மைசூருக்கோ இல்ல, 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து நேரா இந்த தங்கவயலுக்குத்தான் வந்துச்சு. அந்த காலத்துல உலகத்துலயே ரொம்ப நீளமான மின்கம்பி வழிகள்ல அது ஒண்ணு. பெங்களூர் தெருவுல லைட் எரிஞ்சதே 1905லதான். குடிக்கற தண்ணி கூட பாலாத்து மேல இருக்கிற பேத்தமங்கலா ஏரியில இருந்து குழாய் போட்டு கொண்டு வந்தாங்க. பாலாறுன்னா எங்க ஊரு ஆறு, மேல அந்த தண்ணி தங்கவயலுக்கு போச்சு, கீழ மிச்சம் எங்க பக்கம் வந்துச்சு. ரயிலும் அப்படித்தான், 1894லயே பங்காருப்பேட்டையில இருந்து மாரிக்குப்பத்துக்கு பாதை போட்டாச்சு, இன்னிக்கும் அந்த லைன்ல கோரமண்டல், உரிகம், சாம்பியன்னு ஸ்டேஷன் பேரெல்லாம் மைன் பேரா இருக்கு. ஒரு ஊருக்கு கரண்ட், தண்ணி, ரயில் எல்லாம் இவ்வளவு சீக்கிரம் வந்துச்சுன்னா அது அந்த ஊரு ஜனங்க மேல இருந்த அக்கறையில வரல, கீழ இருந்த தங்கத்துக்காக வந்துச்சு, தங்கம் தீர்ந்ததும் அந்த அக்கறையும் போயிடுச்சு.

வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடியே இங்க ஜனங்க மண்ணை அரிச்சு தங்கம் எடுத்துட்டுதான் இருந்தாங்க. 1802ல ஜான் வாரன்னு ஒரு ராணுவ அதிகாரி சர்வே பண்ண வந்தப்ப ஊர்க்காரங்க எடுக்கறதை பாத்து எழுதி வச்சாரு. அப்புறம் 1870கள்ல லாவெல்னு ஒரு அயர்லாந்துக்காரர் மைசூர் அரசாங்கத்துகிட்ட லைசென்ஸ் வாங்கினாரு, அவராலயும் பெருசா முடியல, 1880ல ஜான் டெய்லர் கம்பெனி கைக்கு வந்ததுக்கு அப்புறம்தான் சூடு பிடிச்சுது. லாபம் எல்லாம் லண்டனுக்கு, மைசூர் சமஸ்தானத்துக்கு ராயல்ட்டி. 1956ல மாநில அரசு எடுத்துச்சு, 1962ல மத்திய அரசுகிட்ட போச்சு, 1972ல பாரத் கோல்டு மைன்ஸ்னு கம்பெனியாச்சு, 2001 பிப்ரவரி 28 ஆம் தேதியோட மூடியாச்சு. மொத்தமா 800 டன் தங்கம் போல வெளிய வந்திருக்குன்னு சொல்றாங்க. இதெல்லாம் கம்பெனி கணக்கு, எங்க தேடினாலும் கிடைக்கும். நான் எழுத வந்தது இந்த கணக்குல வராதவங்களை பத்தி.

மைன்ஸ் வேலைன்னா என்னன்னு நம்ம ஆளுங்களுக்கு சினிமா பாத்து வந்த கற்பனைதான் இருக்கு. நிஜம் வேற. சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்கு கீழ 3 கிலோமீட்டருக்கும் மேல ஆழம் போச்சு, உலகத்துல ரொம்ப ஆழமான சுரங்கங்கள்ல அதுவும் ஒண்ணு. ஒரே கேஜ்ல (ஆளுங்களை ஏத்தி இறக்குற கூண்டு) ஏறி நேரா அடி வரைக்கும் போயிட முடியாது, ஒரு சாஃப்ட்ல (கேஜ் இறங்குற குழி) பாதி இறங்கி, உள்ளயே நடந்து, இன்னொரு சாஃப்ட்ல மறுபடி இறங்கணும். அடியில பாறையோட சூடே 60 டிகிரிக்கு மேல, அதுக்காக மேல பெரிய ஏசி பிளான்ட் போட்டு குளிர்ந்த காத்தை உள்ள தள்ளினாங்க, அப்படியும் வேர்வையில துணி பிழியற மாதிரிதான் வேலை. வெடி வச்சு பாறையை உடைச்சு, மேல அனுப்பி, மில்லுல இடிச்சு பொடியாக்கி, பாதரசத்துலயும் அப்புறம் சயனைடு தண்ணியிலயும் போட்டுத்தான் தங்கத்தை பிரிப்பாங்க. கடைசி வருஷங்கள்ல ஒரு டன் பாறைக்கு சில கிராம்தான் தேறிச்சு. ஒரு சின்ன மோதிரத்துக்கு வேண்டிய தங்கத்துக்கு ஒரு டன் பாறையை 2, 3 கிலோமீட்டர் ஆழத்துல இருந்து மேல ஏத்தணும்னா அதுக்கு எத்தனை உடம்பு வேணும்னு யோசிச்சு பாருங்க.

மாரிக்குப்பம் பக்கம் ஒரு லைன்ல தண்ணி கேட்டு நின்னோம், ஒரு ஆயா உள்ள கூப்பிட்டு உக்கார வச்சாங்க. அவங்க வீட்டுக்காரர் அண்டர்கிரவுண்ட்ல வேலை பாத்தவர், இப்ப இல்ல. நான் சாதாரணமா, ஆயா அந்த காலத்துல பயமா இருக்காதான்னு கேட்டேன். "இன்னா கண்ணு இப்படி கேட்டுட்ட"ன்னு சொல்லிட்டு அவங்க சொன்னது அப்படியே என் காதுல இருக்கு. ஆழத்துல பாறை தானா வெடிக்கும், ராக் பர்ஸ்ட்னு இன்ஜினியருங்க சொல்வாங்க, இவங்க ஏர் பிளாஸ்ட்ங்கிறாங்க. அது வெடிச்சா மேல வீட்டுல தரை ஒரு ஆட்டம் ஆடும், மேடையில அடுக்கி வச்ச பாத்திரம் உருளும், உடனே அந்த லைன்ல இருக்கிற பொம்பளைங்க எல்லாம் வாசலுக்கு ஓடி வருவாங்களாம். முதல் கேள்வி எந்த சாஃப்ட்டுங்கிறதுதான். தன் வீட்டுக்காரர் போன சாஃப்ட் இல்லைன்னா மூச்சு வரும், ஆனா பக்கத்து வீட்டுக்காரி முகத்தை பாக்க முடியாது. "அடுப்புல உலை கொதிக்கும், அதை இறக்கி வச்சுட்டு கூட போக தோணாது கண்ணு, அப்படியே ஓடுவோம்"னாங்க. சாஃப்ட் வாசல்ல போய் கூட்டமா உக்காந்திருப்பாங்க, கேஜ் மேல வர்ற ஒவ்வொரு தடவையும் எழுந்து நிப்பாங்க. இதை அவங்க அழுதுட்டு சொல்லல, ரேஷன் கடைக்கு போயிட்டு வந்ததை சொல்ற மாதிரி சொன்னாங்க, எனக்குத்தான் தாங்கல.

வெடிச்சு செத்தவங்களாவது ரிஜிஸ்டர்ல இருப்பாங்க. தூசியில செத்தவங்க? பாறையை துளை போடும்போது வர்ற கல்லுத்தூசி நுரையீரல்ல போய் படிஞ்சு சிலிக்கோசிஸ்னு ஒரு நோய் வரும், மூச்சு வாங்கும், இருமல் நிக்காது, குணப்படுத்த மருந்து கிடையாது. நம்ம நாட்டுல இந்த நோயை பெரிய அளவுல கண்டுபிடிச்சதே இந்த தங்கவயல்லதான், 1940கள்ல ஆயிரக்கணக்கான தொழிலாளிங்களை டாக்டருங்க சோதிச்சு பாத்தப்ப 10 பேர்ல 4 பேருக்கு மேல இது இருந்துச்சு. அந்த ஆளுங்க ரிட்டயர் ஆகி, நம்ம பக்கத்து கிராமங்களுக்கு திரும்பி வந்து, திண்ணையில உக்காந்து இருமி இருமி போய் சேர்ந்தாங்க. டிபின்னு நினைச்சுட்டே எத்தனையோ வீட்டுல அடக்கம் பண்ணியிருப்பாங்க. ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் இதை படிக்கிறவங்க வீட்டு பெரியவங்களை கேட்டு பாருங்க, தாத்தா மைன்ஸ்ல இருந்தாரு, எப்பவும் மூச்சு வாங்கிட்டே இருப்பாருன்னு ஒருத்தராவது சொல்வாங்க.

மாரிக்குப்பம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில ஒரு பெரியவர் எங்ககிட்ட தானா வந்து பேசினாரு, அவரு, அவங்க அப்பா, அவங்க தாத்தா மூணு தலைமுறை மைன்ஸ். சட்டைப்பையில இருந்து ஒரு சின்ன துணி பொட்டலத்தை பிரிச்சு பித்தளை வில்லை ஒண்ணை எடுத்து எங்க வீட்டுக்காரர் கையில வச்சாரு. நம்பர் போட்டது, ஓரமெல்லாம் தேஞ்சு வழவழன்னு ஆகிடுச்சு, நம்பர்ல கடைசி எழுத்து தடவி பாத்தாத்தான் தெரியுது. கீழ போறப்ப இதை குடுத்துட்டு போகணுமாம், மேல வந்ததும் திருப்பி வாங்கிக்கணும், ஷிப்ட் முடிஞ்சும் ஒரு வில்லை பலகையில தொங்கிட்டே இருந்தா அந்த ஆள் இன்னும் உள்ளயே இருக்கான்னு அர்த்தம். "தம்பி, பேரு சொல்லி யாரும் கூப்பிட மாட்டாங்க, நம்பர்தான்"னாரு. அவரோட பசங்க ரெண்டு பேரும் விடியக்காலை ரயிலை பிடிச்சு பெங்களூருக்கு வேலைக்கு போறாங்க, ராத்திரிதான் திரும்பறாங்க. 2001க்கு அப்புறம் இந்த ஊரு பொழைக்கிறதே அந்த ரயில்லதான், ஆயிரக்கணக்கான பேரு தினமும் போக 100 கிலோமீட்டர், வர 100 கிலோமீட்டர்.

இவங்க வெறும் கஷ்டப்பட்டு செத்தவங்கன்னு மட்டும் யாரும் நினைச்சிட கூடாது, எனக்கு இதுல ரொம்ப பெருமையான விஷயம் வேற ஒண்ணு. 1930ல எல்லா தொழிலாளியும் கைரேகை வச்சு பதிஞ்சுக்கணும்னு உத்தரவு வந்தப்ப, நாங்க என்ன திருடங்களான்னு கேட்டு வேலைக்கு இறங்க மாட்டோம்னு நின்னுட்டாங்க. பேர் சொல்ற அளவுக்கு யூனியன் கூட அப்ப கிடையாது, எழுத படிக்க தெரியாத ஜனங்க, வாரக்கணக்குல சுரங்கத்தையே நிறுத்தினாங்க, கடைசியில உத்தரவைத்தான் வாபஸ் வாங்க வேண்டியதாச்சு. 1946ல போராட்டம் நடந்தப்ப போலீஸ் சுட்டதுல 6 தொழிலாளிங்க செத்தாங்க, நவம்பர் மாசம் அவங்களுக்கு அங்க இன்னும் அஞ்சலி செலுத்தறாங்க. தொழிற்சங்க வரலாறுன்னா நமக்கு பின்னி மில்லு தெரியும், தங்கவயல் தெரியாது.

சாதி கொடுமையை எதிர்த்து எழுதின தமிழ் பௌத்த சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் பேரை இப்ப எல்லாரும் சொல்றோம், நல்ல விஷயம். அவரு 1914ல மறைஞ்சதுக்கு அப்புறம் அவரோட தமிழன் பத்திரிகையை 1926ல மறுபடி உயிர் குடுத்து நடத்தினது தங்கவயல்ல இருந்த அப்பாதுரையார். பண்டிதரோட எழுத்துக்களை அச்சு போட்டு காப்பாத்தினதும் அங்க இருந்த சித்தார்த்தா புத்தகசாலைதான். பகல்ல சுரங்கம், ராத்திரி பௌத்த சங்கத்துல கூட்டம், படிப்பு, விவாதம்னு இருந்த ஜனங்க, பெரும்பாலும் ஊருல சேரிக்குள்ள அடைச்சு வச்சிருந்தவங்க. ஊருல நிலம் இல்ல, குளத்துல தண்ணி எடுக்க முடியாது, கூலிய கையில குடுக்க மாட்டாங்க. தங்கவயல்ல குழிக்குள்ள உயிர் போகலாம், ஆனா மாச சம்பளம் கையில வரும், பிள்ளை ஸ்கூலுக்கு போகும், ஞாயித்துக்கிழமை கால்பந்து ஆடலாம், பேண்டு வாத்தியம் கத்துக்கலாம், தலை நிமிர்ந்து தெருவுல நடக்கலாம். அதனாலதான் அவ்வளவு ஆபத்து தெரிஞ்சும் குடும்பம் குடும்பமா போனாங்க. சென்னையில இருக்கிற ஆராய்ச்சியாளருங்க சிலர் இதை எழுதியிருக்காங்க, ஆனா ஒரு சாதாரண குடும்பம் டூர் போனா அங்க நின்னு இதை படிக்க ஒரு பலகை கூட என் கண்ணுல படல.

இன்னொண்ணு, பிள்ளைங்க படிக்கிற சயின்ஸ் பாடத்துல வர வேண்டியது. நியூட்ரினோங்கிறது எதையும் ஊடுருவி போற ரொம்ப சின்ன துகள், அதை சொன்னா நமக்கு அதை ஆராய திட்டம் போட்ட தேனி பொட்டிபுரம் ஞாபகம் வரும், அந்த திட்டம் வேணுமா வேணாமாங்கிற விவாதத்துக்குள்ள நான் போகல. ஆனா வானத்துல காஸ்மிக் கதிர் மோதி உண்டாகற நியூட்ரினோவை 1965ல பூமிக்கடியில கண்டுபிடிச்சது இதே சாம்பியன் ரீஃப்ல, 2 கிலோமீட்டருக்கும் மேல ஆழத்துல, டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானோட ஒசாகா சிட்டி, இங்கிலாந்தோட டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து வச்ச கருவிங்கதான். அதே வருஷம் தென்னாப்பிரிக்காவுல ஒரு தங்க சுரங்கத்துக்குள்ள அமெரிக்க விஞ்ஞானிங்க இதே வேலையில இருந்தாங்க, உலகத்துலயே இந்த ரெண்டு இடம்தான். அந்த கருவிங்களை பாகம் பாகமா கேஜ்ல இறக்கி உள்ள தூக்கிட்டு போனதுல இந்த தொழிலாளிங்க உழைப்பும் இருக்கு. என் மூத்தவ பத்தாவது படிக்கிறா, நான் இதை சொன்னப்ப, அப்ப ஏம்மா எங்க புக்குல இல்லைன்னு கேட்டா, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

இப்ப அங்க பாக்க என்ன இருக்குன்னு கேப்பீங்க. சாஃப்ட் மேல நிக்கிற இரும்பு கோபுரங்களை ரோட்டுல நின்னு தூரத்துல இருந்து பாக்கலாம், மேல சக்கரம் இருக்கு, கயிறு இல்ல, காலடியில புதர் மண்டி கிடக்கு. உள்ள போக முடியாது, செக்யூரிட்டி இருக்காங்க, விடாம இருக்கிறதும் சரிதான், பம்பை நிறுத்தினதுக்கு அப்புறம் சுரங்கம் பூரா தண்ணி நிறைஞ்சு போச்சு, பழைய குழிங்க பக்கத்துல பிள்ளைங்களை விட்டா ஆபத்து. அப்புறம் சயனைடு மலை. மலைன்னு சொன்னாலும் அது மில்லுல அரைச்சு தங்கம் எடுத்தப்புறம் கொட்டின கழிவு மண்ணுதான், 13 மேடு, 3 கோடியே 30 லட்சம் டன், ஆயிரம் ஏக்கர் போல பரவி கிடக்கு. நான் ஒரு மேட்டு ஓரமா நின்னு கையில எடுத்து பாத்தேன், மேல ஓடு மாதிரி கெட்டியா இருக்கு, அழுத்தினா உடைஞ்சு உள்ள கோலமாவு மாதிரி நைசா கொட்டுது. மழைத்தண்ணி ஓடி ஓடி அதுல ஆள் உயரத்துக்கு வெட்டு விழுந்திருக்கு, செடி கொடி அங்கங்கதான் ஒட்டிட்டு இருக்கு. எடுத்துட்டு உடனே கையை நல்லா கழுவிட்டேன், நீங்க போனா பிள்ளைங்களை அதுல ஏறி விளையாட விடாதீங்க, சும்மா போட்டோவுக்காக ஏறவும் வேணாம். காத்து காலம் வந்தா இந்த தூசி எல்லாம் லைன் வீட்டுக்குள்ள வந்து சோத்துல விழுதுன்னு அந்த ஆயா சொன்னாங்க. சுரங்கத்துக்குள்ள புருஷனுக்கு தூசி, மூடினதுக்கு அப்புறம் வீட்டுல இவங்களுக்கு தூசி.

நான் ஏன் இதை இப்ப அவசரமா எழுதறேன்னா, அந்த 13 மேட்டையும் ஏலம் விட்டு அதுல மிச்சம் இருக்கிற தங்கத்தை எடுக்கலாம்னு மத்திய அரசு கேட்டதுக்கு கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன்ல ஒத்துக்கிச்சு. மூடினப்ப உலக மார்க்கெட்ல ஒரு அவுன்ஸ் 300 டாலர் கூட இல்ல, இன்னிக்கு விலை 10 மடங்குக்கும் மேல போயாச்சு, அதனால அன்னிக்கு கழிவுன்னு கொட்டினது இன்னிக்கு காசு. எடுக்கட்டும், அந்த ஊரு பசங்களுக்கு உள்ளூர்லயே வேலை கிடைச்சா எனக்கு சந்தோஷம்தான், தூசியை ஒழுங்கா அடக்கி எடுத்தா இன்னும் சந்தோஷம். ஆனா மறுபடியும் கீழ இருக்கிற தங்கத்துக்காக மட்டும் அந்த ஊரை திரும்பி பாக்கறது அநியாயம். மேட்டை அள்ள மெஷின் வர்றதுக்கு முன்னாடி அந்த ஜனங்களுக்கு செய்ய வேண்டியதை செய்யணும். வேலை பாத்த குடும்பங்கள் இருக்கிற வீட்டையாவது எங்க பேருக்கு எழுதி குடுங்கன்னு வருஷக்கணக்கா கேட்டுட்டு இருக்காங்க, அது முதல்ல.

அடுத்தது மியூசியம். இது ஆடம்பரம் இல்ல. ஆஸ்திரேலியாவுல பல்லாரட்னு ஒரு தங்க ஊரு, அங்க சவரின் ஹில்னு பழைய சுரங்க ஊரையே திருப்பி கட்டி 1970ல இருந்து நடத்தறாங்க, பள்ளிக்கூட பிள்ளைங்க சுரங்கத்துக்குள்ள இறங்கி பாக்கறாங்க. ஜப்பான்ல சாடோ தீவு தங்க சுரங்கத்தை 2024ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய இடமா அறிவிச்சுது. அதுல எனக்கு பிடிச்சது என்னன்னா, போர் காலத்துல எங்க ஜனங்களை கட்டாயமா கொண்டு போய் அங்க வேலை வாங்கினீங்க, அதையும் சொல்லாம இதுக்கு பெருமை பேச கூடாதுன்னு தென் கொரியா விடாப்பிடியா நின்னு, தொழிலாளிங்க கதைக்கும் அங்க ஒரு காட்சி வைக்க வச்சுது. போனவங்க தன் ஜனங்கன்னு ஒரு நாடு அப்படி கேக்குது. தங்கவயலுக்கு போனவங்க நம்ம ஜனங்க இல்லையா? இடம் கர்நாடகாவுல இருக்கு, கம்பெனி மத்திய அரசோடது, அதனால தமிழ்நாட்டுக்கு என்ன வேலைன்னு விட்டுட்டோம், கர்நாடகாவுல அவங்க தமிழ்க்காரங்கன்னு ஒதுங்கிட்டாங்க, நடுவுல அந்த ஜனங்க அனாதையா நிக்கறாங்க. அவங்க கன்னடம், தமிழ், தெலுங்கு எல்லாம் கலந்து ஒண்ணா வாழ்ந்தவங்க, இதுல எந்த மாநிலத்துக்கு பெருமைங்கிற சண்டையும் வேண்டாம், ரெண்டு அரசும் சேர்ந்தே செய்யலாம்.

என் மனசுல இருக்கிறதை சொல்றேன். ஒரே ஒரு சாஃப்ட்டோட இரும்பு கோபுரத்தையும் கேஜை கயிறுல ஏத்தி இறக்கின வைண்டிங் இன்ஜின் ரூமையும் பழைய இரும்புக்கு போகாம காப்பாத்தி, பத்திரமா வேலி போட்டு, ஜனங்க பாக்கற மாதிரி பண்ணலாம். ஒரு லைன்ல நாலு வீட்டை அப்படியே பாதுகாக்கலாம், ஒண்ணுல அந்த பித்தளை வில்லைங்க, ஹெல்மெட், லைட், யூனியன் நோட்டீஸ், தமிழன் பத்திரிகை பிரதிங்க எல்லாம் வைக்கலாம். சுரங்கத்துல செத்தவங்க பேரு கம்பெனி ரிஜிஸ்டர்ல எங்கயாவது இருக்கும், அதை தேடி எடுத்து, நம்பரா இல்லாம பேரா, ஊரோட சேர்த்து ஒரு சுவத்துல பொறிக்கணும். அங்க போய் நிக்கிற ஒரு குடும்பம் தன் கொள்ளுத்தாத்தா பேரை விரலால தொட்டு காட்டணும். கைடா வெளிய இருந்து யாரையும் கொண்டு வர வேணாம், டீக்கடையில பாத்த பெரியவர் மாதிரி ஆளுங்களுக்கு சம்பளம் குடுத்து உக்கார வச்சா போதும். ஆனா அவங்களுக்கு வயசாகிட்டே போகுது, 2001ல 40 வயசுல இருந்தவங்க இப்ப 65க்கு மேல, அதுக்கு முந்தின தலைமுறை கிட்டத்தட்ட போயாச்சு. கட்டிடத்தை பத்து வருஷம் கழிச்சு கூட கட்டலாம், இவங்க பேச்சை இப்ப ரெக்கார்ட் பண்ணாத்தான் உண்டு, முக்கியமா பொம்பளைங்க பேச்சை, ஏன்னா அவங்களை யாரும் கேட்டதே இல்ல.

அதனால ஆசிரியர் அய்யா, உங்ககிட்ட நான் கேக்கறது இதுதான். உங்க ரிப்போர்ட்டர் ஒருத்தரை ஒரு மாசம் அங்க அனுப்பி வாராவாரம் ஒரு ஆளோட கதையா ஒரு தொடர் போடுங்க. வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, தருமபுரி பதிப்புல, வீட்டுல தங்கவயல் போட்டோ, சம்பள சீட்டு, சர்டிபிகேட் எது இருந்தாலும் அனுப்புங்கன்னு ஒரு அறிவிப்பு குடுங்க, எத்தனை பெட்டியில இருந்து எதெல்லாம் வெளிய வருதுன்னு பாருங்க. சுற்றுலா பக்கத்துலயும் எழுதுங்க. பங்காருப்பேட்டையில இறங்கி மாரிக்குப்பம் ரயில் பிடிச்சா வழியில எல்லா மைன் பேரையும் பாத்துட்டே போகலாம், கார்ல வர்றவங்க வி.கோட்டை வழியாவும் வரலாம், கோடிலிங்கேஸ்வரர் கோவிலுக்கு வந்தவங்க கூட அரை நாள் சேர்த்துக்கிட்டா போதும், வெயில் இல்லாத மாசமா பாத்து, காத்து அடிக்கிற நாளா இருந்தா வாயையும் மூக்கையும் மூடிக்கிட்டு போங்க. பெரியவங்க யாராவது பேச வந்தா உக்காந்து கேளுங்க, அவசரப்படாதீங்க. எங்க பக்கத்துல இருந்து பழைய தங்கவயல் குடும்பங்க கிட்ட விஷயம் சேகரிக்கறதுக்கு உங்க ரிப்போர்ட்டருக்கு ஆள் வேணும்னா சொல்லி அனுப்புங்க, நானும் எங்க தெரு மகளிர் குழுவும் வீடு வீடா போய் கேட்டு எழுதி குடுக்க தயாரா இருக்கோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஆம்பூர்.